புயல் நேரத்தில் பேசும் ரேடியோ

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் பல ஊர்களில் கரன்ட் போனது, செல்போனும் ஊமையானது. இப்படிப்பட்ட நாளில் வானிலை எச்சரிக்கையைக் கொண்டுவருவது பேட்டரியில் ஓடும் ரேடியோதான். 1960-களில் ஏ.டி.டி.27 ரகத்தை 'ரேடியோ நெல்' என்றே அழைத்த தஞ்சைப் பகுதிக்கு இது புதிதல்ல. ஆனால், மூன்று நான்கு பேண்டு உள்ள செட்டை வாங்கிவிட்டு, எஃப்.எம் தவிர வேறு பக்கம் முள்ளை நகர்த்தாதவர்களே அதிகம்.

எஃப்.எம் தெளிவாகக் கேட்கும். அதிக தூரம் எட்டாது. பக்கத்து நிலையம் நின்றுபோனால் எம்.டபிள்யூ எனும் மத்திய அலைக்கு மாறுங்கள். திருச்சி வானொலிக்கு 936 கிலோஹெர்ட்ஸ். இங்கே ஏரியலை நீட்டிப் பயனில்லை. மத்திய அலையைப் பிடிப்பது செட்டுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி. ஒலி மங்கினால் செட்டையே மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு திசையில் தெளிவாகும். ஏரியல், எஃப்.எம்முக்கும் சிற்றலைக்கும்தான். சிற்றலையில் பகலில் உயர்ந்த எண்களிலும், இரவில் குறைந்த எண்களிலும் தேடுவது நல்லது.

கரகரப்பு வந்தால் எல்.இ.டி பல்பு, சார்ஜர், மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். தகரக் கொட்டகைக்குள் சரியாக எடுக்காது. ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். சிக்னல் தேடி இடி மின்னலில் வயல்வெளிக்குப் போவது மட்டும் கூடவே கூடாது.

ஐப்பசி பிறக்கும் முன்பே புது பேட்டரி வாங்கி, செட்டுக்கு வெளியே தனியாக வையுங்கள். உள்ளேயே மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.