வால் இல்லாத விமானத்துக்கு ‘பேலன்ஸ்’ புள்ளி எங்கே?

2022 ஜூலை 1 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில், வாலே இல்லாத ஆளில்லா விமானம் ஒன்றை டிஆர்டிஓ முதன்முறையாகப் பறக்கவிட்டது. முழு விமானமும் இறக்கையாகவே இருக்கும் ‘ஃப்ளையிங் விங்’ ரகம் அது. அதே வடிவில் தெர்மாகோல் மாடல் செய்து, முத்தாண்டிக்குப்பம் திடலில் பறக்கவிட ஆசையா? முதலில் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் முக்கியம்?

வழக்கமான விமானத்தில் எடை சற்று முன்பின் இருந்தாலும் வால் சமாளித்துவிடும். இதில் அந்த வசதி கிடையாது. எடை பின்னால் போனால், கையைவிட்ட சில நொடிகளிலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்துவிடும். பல நாள் உழைப்பு காலி!

கணக்கு என்ன?

இறக்கை அகலம் நடுவில் 30 செ.மீ., நுனியில் 20 செ.மீ.; ஒரு பக்க நீளம் 60 செ.மீ.; நுனியின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 30 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். காற்றியல் சராசரி அகலம் 25.3 செ.மீ. வரும். அந்த அகலம் நடுக்கோட்டிலிருந்து 28 செ.மீ. தள்ளி அமையும், அங்கே முன்விளிம்பு மூக்கிலிருந்து 14 செ.மீ. பின்னால் இருக்கும்.

சராசரி அகலத்தில் 25 சதவீதத்தில், அதாவது மூக்கிலிருந்து 20.3 செ.மீ.யில் இருப்பது நடுநிலைப் புள்ளி. ஈர்ப்பு மையம் இதற்கு முன்னால்தான் இருக்க வேண்டும். 15 முதல் 20 சதவீதம் பாதுகாப்பானது: 17.8 முதல் 19.1 செ.மீ. வரை.

எப்படிச் சோதிப்பது?

பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பொருத்துங்கள். 17.8 செ.மீ.யில் குறுக்குக் கோடு போட்டு, இரு பக்கமும் விரல்நுனியில் தாங்குங்கள். மூக்கு தாழ்ந்தால் பேட்டரியைப் பின்னுக்கும், பின்பக்கம் தாழ்ந்தால் முன்னுக்கும் நகர்த்துங்கள். மட்டமாக நின்றால் முதல் பறத்தலுக்கு ரெடி. நன்றாகப் பறந்தால், அடுத்தடுத்து சில மில்லிமீட்டர் மட்டும் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்.