டிக் அடித்தால் போதுமா? மருத்துவமனைகளின் ‘சிகிச்சைப் பாதை’ ஆய்வுகளை எடைபோடுவது எப்படி?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அட்மிட் ஆகும் நோயாளிக்கு என்னென்ன பரிசோதனைகள், எப்போது எழுந்து நடக்க வைப்பது, எந்த நாளில் டிஸ்சார்ஜ் என்று பல மருத்துவமனைகள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றன. இதற்கு ‘கிளினிக்கல் பாத்வே’ என்று பெயர். தமிழில் சிகிச்சைப் பாதை எனலாம். டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் என எல்லோரும் ஒரே திட்டத்தைப் பார்த்து வேலை செய்தால் எதுவும் விட்டுப்போகாது என்பதுதான் நோக்கம்.

நல்ல யோசனைதான். ஆனால், அது உண்மையில் பலன் தருகிறதா என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். இதை பிரிட்டன் வலியோடு கற்றுக்கொண்டது.

லிவர்பூல் தந்த பாடம்

மரணத்தை நெருங்கியவர்களுக்கு ஹாஸ்பிஸ் இல்லங்களில் கிடைக்கும் கனிவான பராமரிப்பை, சாதாரண வார்டுகளுக்கும் கொண்டுவர 1990-களின் இறுதியில் உருவானது ‘லிவர்பூல் கேர் பாத்வே’. பிரிட்டனின் மருத்துவமனைகளில் அது வேகமாகப் பரவியது. ஆனால், அது பலன் தருகிறதா என்று 2010-ல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் தேடியபோது, இத்தகைய இறுதிக்காலப் பாதைகள் பற்றித் தரமான ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை.

நோயாளிக்குத் தண்ணீர்கூட மறுக்கப்பட்டதாகக் குடும்பங்கள் புகார் சொல்ல, ஜூலியா நியூபெர்கர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் முறையாகப் பயன்படுத்திய இடங்களில் நோயாளிகள் அமைதியாக விடைபெற்றார்கள். மற்ற சில இடங்களில் அது வெறும் டிக் அடிக்கும் வேலையாகிவிட்டது என்று 2013 ஜூலையில் அந்தக் குழு அறிக்கை தந்தது. அந்தப் பாதை படிப்படியாகக் கைவிடப்பட்டது.

இத்தாலியில் 16 வார்டுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு, அறிக்கைக்குப் பிறகுதான் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பராமரிப்பின் ஒட்டுமொத்தத் தரத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை என்றது அது.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. யாரோடு ஒப்பிட்டார்கள்? ‘பாதை வருவதற்கு முன், வந்த பின்’ என்று மட்டும் ஒப்பிட்டால் போதாது. இடைப்பட்ட காலத்தில் புதிய மருந்தோ, திறமையான டாக்டரோ வந்திருக்கலாம். ஒரே வார்டில் பாதி பேருக்குப் புது முறை, பாதி பேருக்குப் பழைய முறை என்றாலும் சிக்கல்தான். அதே நர்ஸ்தான் இருவரையும் கவனிப்பார். அதனால்தான் இத்தாலியில் வார்டு வார்டாகப் பிரித்தார்கள்.

2. எதை அளந்தார்கள்? ‘சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆனார்கள்’ என்பது பில்லுக்கு நல்லது. வீட்டுக்குப் போனவர் மறுபடி அட்மிட் ஆனாரா என்றும் பார்க்க வேண்டும்.

3. உண்மையில் பின்பற்றினார்களா? தாளில் உள்ள டிக், படுக்கை அருகே நடந்த கவனிப்புக்குச் சாட்சி ஆகாது.

அப்படியானால் எல்லாப் பாதையும் வீணா?

இல்லை. மருத்துவமனைப் பாதைகள் குறித்து 2010-ல் வெளியான மற்றொரு காக்ரேன் தொகுப்பு, 11,398 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. மருத்துவமனையில் ஏற்படும் சிக்கல்கள் குறைந்தன. இறப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, பலன் உண்டு. ஆனால், எல்லாவற்றுக்கும் அல்ல.

உங்கள் வீட்டுப் பெரியவரை அட்மிட் செய்யும்போது ‘இங்கே எல்லாம் ஸ்டாண்டர்டு புரோட்டோகால்’ என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். கூடவே, ‘இவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, அதற்கேற்ப எதை மாற்றுவீர்கள் டாக்டர்?’ என்றும் கேளுங்கள்.