வீல் மாற்றிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எந்த டயர் போடலாம்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் முந்தைய ஓனர் கம்பெனி வீலை கழற்றிவிட்டு பெரிய அலாய் வீல் மாட்டியிருப்பார். டயர் தேய்ந்ததும்தான் குழப்பம். வீலில் ஏறினால் போதும்னு ஏதோ ஒரு சைஸ் போடுவது ஆபத்து.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-ல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 காரை பார்ப்போம். இதன் கம்பெனி டயர் 185/60 ஆர்14. டயரின் அகலம் 185 மி.மீ. அதில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். வீல் 14 அங்குலம். மேலும் கீழும் உள்ள பக்கச்சுவரையும் வீலையும் கூட்டினால் மொத்த உயரம் சுமார் 578 மி.மீ.

இதே காரில் 15 அங்குல வீல் இருந்தால் 195/50 ஆர்15 பொருந்தும். உயரம் 576 மி.மீ. வித்தியாசம் ரொம்ப கம்மி. 195/55 போட்டால் சுமார் 595 மி.மீ. ஆகிவிடும். முன்பு 100 கி.மீ. வேகத்தில் போனபோது காட்டிய இடத்திலேயே ஸ்பீடோமீட்டர் முள் நிற்கும். ஆனால் கார் 103-ல் போகும். மட்கார்டில் டயர் உரசவும் வாய்ப்பு உண்டு.

சைஸை அடுத்துள்ள குறியீட்டையும் பாருங்கள். 82எச் என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 210 கி.மீ. வேகம் வரை ஓடும். கம்பெனி சொன்னதற்கு குறைவாக வாங்கக்கூடாது.

கடைசியாக தேதி. டயரின் பக்கத்தில் 3524 என்றிருந்தால் அது 2024-ம் ஆண்டு 35-வது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாத காரில் பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப்போகும். மழையில் பிரேக் போட்டால் வழுக்கும். பட்டன் இருக்கேன்னு ஏமாந்துவிடாதீர்கள்.