பாயும் தலையணையும் பரப்பும் புழு

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி, 1970-களில் உருவாகி இன்று ஆயிரக்கணக்கான சிறு தொழிற்சாலைகளைத் தாங்கி நிற்கும் பீன்யாவில், லேத்துப் பட்டறைகளிலும் முலாம் பூசும் கூடங்களிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் உழைத்துப் பிழைக்கும் ஜனங்களுக்கு, வீட்டுக் குழந்தையின் வயிற்றில் ஏதேனும் கோளாறு என்றால் முதலில் சந்தேகம் விழுவது தண்ணீரின் மீதுதான். அந்தச் சந்தேகம் நியாயமற்றதும் அன்று. அப்பிரதேசத்தின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால், பகலெல்லாம் நன்றாக விளையாடிய குழந்தை நடுநிசியில் தூக்கம் கலைந்து அழுது, ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரளுமானால், லாரித் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் நொந்து பயனில்லை. அது கீரிப்பூச்சியின் வேலை; அதன் முட்டை பரவும் இடம் வீட்டின் உள்ளேயே இருக்கிறது.

என்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ் என்று சாஸ்திரப் பெயர் பெற்ற இப்புழுவை 1758-ல் லின்னேயஸ் தமது ஜீவராசிகளின் பட்டியலில் சேர்த்தார். மனிதனுக்கும் அதற்கும் உள்ள சகவாசமோ அதனினும் மிகப் பழையது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குகை ஒன்றில் கிடைத்த, ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுப் பழமையுள்ள மனித மலத்திலேயே இதன் முட்டைகள் காணப்பட்டன. இது பிரதானமாக மனிதனை நம்பியே வாழ்வது. ஆகையால் நாயும் பூனையும் இந்தப் பழியைச் சுமக்க வேண்டியதில்லை. இனிப்புத் தின்றதால் பூச்சி உண்டாயிற்று என்று குழந்தையைக் கடிந்துகொள்வதும் வீண். முட்டை வாய்க்குள் போகாமல் புழு உண்டாவதில்லை.

விழுங்கப்பட்ட முட்டை சிறுகுடலில் பொரிந்து, குஞ்சு மெல்லக் கீழிறங்கிப் பெருங்குடலின் துவக்கத்தில் வளர்கிறது. சுமார் ஒரு மாதத்தில், வெள்ளை நூலின் துண்டு போல 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை நீண்ட பெண் புழு, வயிறு நிறைய முட்டைகளோடு தயாராகி, வீட்டார் உறங்கும் வேளை பார்த்து ஆசனவாயின் வெளிப்புறத்துக்கு ஊர்ந்து வந்து, பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை அங்கே பசையோடு ஒட்டவைத்துவிட்டு மடிகிறது. அந்தப் பசையும் புழுவின் ஊர்தலுமே அரிப்புக்குக் காரணம். பெண் குழந்தைகளுக்குச் சில வேளை பிறப்புறுப்பிலும் எரிச்சல் உண்டாகும். இந்த முட்டைகள் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே பிறரைப் பற்றத்தக்க பக்குவம் அடைந்துவிடுகின்றன. உருளைப்புழுவின் முட்டையோ மண்ணில் கிடந்து பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும். இரவில் இடப்பட்ட முட்டை, விடிவதற்குள் சொறிந்த விரலின் நகக்கண்ணில் ஏறி, காலைச் சிற்றுண்டியோடு அதே குழந்தையின் வயிற்றுக்கோ அண்டையில் படுத்த தங்கையின் வயிற்றுக்கோ போய்ச் சேர்ந்துவிடலாம்.

பீன்யாவைப் போன்ற இடத்திலே வாழ்க்கை முறையே இப்புழுவுக்கு அனுகூலம் செய்கிறது. ஒற்றை அறை வீட்டில் தாயும் இரண்டு குழந்தைகளும் இரவில் படுத்தெழுந்த பாயிலேயே, நைட் ஷிஃப்டு முடிந்து காலையில் வரும் தகப்பன் தலை சாய்க்கிறான். மாலையில் அவன் எழுந்ததும் பாய் மறுபடி குழந்தைகளுடையதாகிறது. வெயிலிலும் வறட்சியிலும் எளிதில் மடிந்துவிடும் இம்முட்டைகள், ஈரப்பதமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கக்கூடியவை. ஆளொழியாத பாய்க்கு வெயில் காணும் வாய்ப்பே அரிது. போர்வையை அறைக்குள் உதறினால் முட்டைகள் காற்றில் எழும்பி, மூச்சோடு தொண்டைக்குப் போய் விழுங்கப்படுவதும் உண்டு. எனினும் இதை ஏழைகளின் வியாதி என்று எண்ணுவது தவறு. அமெரிக்காவிலும் மிகச் சாதாரணமாகக் காணப்படும் குடற்புழு இதுவே.

பரிசோதனைச் சாலைக்கு மலத்தை எடுத்துச் சென்றால் முட்டை பெரும்பாலும் அகப்படுவதில்லை. அவை குடலுக்குள் அன்றி வெளித்தோலிலே இருப்பதுதான் காரணம். 1941-ல் கிரகாம் என்பவர் இதற்கு ஒரு சுலபமான உபாயத்தை வெளியிட்டார். குழந்தை விழித்தவுடன், குளிப்பாட்டுவதற்கும் மலம் கழிப்பதற்கும் முன்பாக, ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவின் பசைப்பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் உள்ள முட்டைகளும், சிலவற்றுள் சுருண்டு கிடக்கும் குஞ்சும் தெளிவாகத் தெரியும். தொடர்ந்து மூன்று காலை இப்படிச் செய்தால் தப்புவது அபூர்வம்.

2015-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளன்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு என்னும் மண்வழிப் புழுக்களை உத்தேசித்த அந்த ஏற்பாடு மிகவும் நல்லதே. அம்மாத்திரை கீரிப்பூச்சியையும் கொல்லவே செய்யும். ஆயினும் மாத்திரை விழுங்கிய பிள்ளை, மாத்திரை விழுங்காத பெற்றோரும் பாட்டியும் படுக்கும் பாய்க்கே திரும்பிப் போகிறது; மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைத் தீண்டாது. ஆகவே டாக்டர்கள் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து உட்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை உட்கொள்ள வேண்டும் என்கிறார்கள். இடையில் பொரிந்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுமுன் இரண்டாம் வேளை மருந்து அவற்றை மடக்கிவிடும். கர்ப்பிணிகளும் மிகச் சிறிய குழந்தைகளும் மாத்திரம் டாக்டரைக் கலந்தே எதையும் உட்கொள்ள வேண்டும்.

சரக சம்ஹிதை கிருமி ரோகத்துக்கு மூன்று படிகளில் சிகிச்சை வகுக்கிறது: கிருமியை வெளியேற்றுதல், அது வளர்வதற்கு இசைவான உடல்நிலையை மாற்றுதல், காரணத்தை விலக்குதல். முதற்படியை மாத்திரை செய்துவிடுகிறது. மூன்றாவதை எந்த மருந்துக்கடையிலும் வாங்க முடியாது. நகத்தை ஒட்ட வெட்டுவதும், காலையில் எழுந்ததும் குளிப்பதும், உள்ளாடையை அன்றாடம் மாற்றுவதும், துணிகளை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைப்பதும், பாயை மொட்டைமாடி வெயிலில் போடுவதும், உண்ணுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அந்த மூன்றாம் படியைச் சேர்ந்தவை.

இவை அனைத்துக்கும் முன்னால் விலக்க வேண்டியது வெட்கம். அரிப்பைச் சொல்லக் கூசிக் குழந்தை மறைக்கிறது. அண்டை வீட்டார் அறிந்தால் அசுத்தமானவர்கள் என்பார்களோ என்று தாய் மறைக்கிறாள். பெரியவர்களோ தங்களுக்கும் அது இருப்பதை ஒப்புக்கொள்வதே இல்லை. ஒரு வீட்டில் மாத்திரையை மறுத்துவிட்ட ஒரு பெரியவர் போதும், மற்றவர்கள் பட்ட பாடெல்லாம் ஒரே மாதத்தில் வீணாவதற்கு.