கல்லுக்குள் பூட்டிய காற்று!



அரியலூருக்குப் பக்கத்தில் ரெட்டிபாளையம் என்று ஓர் ஊர். சிமென்ட் ஆலைக்குப் பெயர் போன ஊர். அந்தப் பக்கம் பஸ்சில் போயிருந்தால், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், அந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியர். ஒரு நாள் ஏழாம் வகுப்பில் அமிலம், காரம் பாடம். 'ஆளுக்கு ஒரு சுண்ணாம்புக்கல் கொண்டு வாங்க' என்றேன். மறுநாள் மேஜை மேல் கல் குவிந்து விட்டது!

ஒரு கல்லைப் பொடித்து, அதன் மேல் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தேன். 'புஸ்' என்று நுரைத்தது.

''இது என்ன காற்று?''

''கரியமில வாயு சார்!'' என்று எல்லாரும் கத்தினர்.

கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான். அவன் அப்பா கல் லாரி ஓட்டுபவர்.

''சார், இதே காத்துதானே உலகத்தைச் சூடாக்குதுன்னு போன வாரம் சொன்னீங்க? எங்க அப்பா ஏத்திட்டுப் போற கல்லுல இருந்து வர்றதும் அதுதானா? அப்போ எங்க அப்பா தப்பு பண்றாரா சார்?''

வகுப்பே அமைதியாகி விட்டது. நல்ல வேளை, மணி அடித்தது! ''நாளைக்குச் சொல்றேன் தம்பி'' என்று தப்பித்தேன்.

பாடத்தை முடிக்கும் அவசரத்தில், அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி மட்டும் மனதை உறுத்துகிறது. அந்தக் கடனை, இன்று உங்களிடம் தீர்க்கப் போகிறேன்.

அரியலூர் கடலாக இருந்தது!

முதலில் அந்தக் கல்லின் கதை.

இன்றைக்கு அரியலூரில் இருந்து கடற்கரைக்குப் போக, பல மணி நேரம் பஸ்சில் உட்கார வேண்டும். ஆனால், சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கேயே இருந்தது. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட், கனத்த சிப்பிகள் எல்லாம் இங்கே நீந்தியும் ஊர்ந்தும் வாழ்ந்தன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், கல்லாகிப் போன 18 மீட்டர் நீள மரம் ஒன்று இன்றும் கிடக்கிறது. அதுவும் அந்தப் பழங்காலத்தின் சாட்சி தான்.

இந்தப் பாறைகளைப் பற்றி, பிளான்போர்டு என்ற நிலவியல் அறிஞர் 1862லேயே விரிவாக எழுதி விட்டார். அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனால், அந்தக் கடல் உயிர்களை நீங்களே பார்க்கலாம்.

சிப்பிகள் ஓடு கட்டியது எதை வைத்து தெரியுமா? கடல் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தையும், கரியமில வாயுவில் இருந்து வந்த கார்பனையும் சேர்த்துத் தான். செத்த பின் அந்த ஓடுகள் கடலடியில் படிந்தன. படிந்து படிந்து, இறுகி இறுகி, சுண்ணாம்புக்கல் ஆயின.

அதாவது, ரெட்டிபாளையத்துக் கல் ஒவ்வொன்றும் ஒரு பூட்டு. அதற்குள்ளே கரியமில வாயு, கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டைத் திறக்கும் சூளை!

சிமென்ட் ஆலை அந்தப் பூட்டைத் திறக்கிறது. கல்லைப் பொடித்து, களிமண் போன்றவற்றோடு கலந்து, சுழலும் பெரிய சூளையில் 1,450 டிகிரி வரை சூடேற்றுவர். கலப்பில்லாத சுண்ணாம்புக்கல் 100 கிலோ வெந்தால், 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ? அத்தனையும் கரியமில வாயு! புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும்.

இதோடு, சூளைக்கு எரிக்கிற நிலக்கரியின் கரியமில வாயுவும் சேரும். உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில், சிமென்டின் பங்கு நூற்றுக்கு ஏழு, எட்டு. மீதியில் பெரும்பகுதி நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வருவது. காடுகளை அழிப்பதற்கும் ஒரு பங்கு உண்டு.

நாலு சொட்டு நீலம்!

'காற்றில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும் தானே... கொஞ்சூண்டு கரியமில வாயு என்ன செய்து விடும்' என்று கேட்பீர்கள்.

வெள்ளைச் சட்டை துவைக்கும்போது, ஒரு வாளித் தண்ணீரில் அம்மா எத்தனை சொட்டு நீலம் விடுகிறார்? நாலே சொட்டு தானே! வாளித் தண்ணீர் முழுக்க நீலமாகி விடுகிறதே. அது போலத் தான். நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமியின் வெப்பத்தைத் தடுக்காமல் வெளியே விட்டு விடும். கரியமில வாயுவோ அதைப் பிடித்துக் கொள்ளும். கம்பளி போலப் பூமியைப் போர்த்தி இருக்கும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1856ல் யூனிஸ் பூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை நிரப்பி வெயிலில் வைத்தார். சாதாரணக் காற்று நிரப்பிய குழாயை விட, அது கூடுதலாகச் சூடேறியது. 1859ல் ஜான் டின்டால், இந்த வாயு வெப்பக் கதிர்களைப் பிடித்து வைப்பதை அளந்து காட்டினார். 1896ல் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ், கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று பேப்பர், பேனாவை வைத்தே கணக்குப் போட்டார்.

பிறகு, 1958ல் சார்லஸ் கீலிங் என்பவர், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தினமும் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கரியமில வாயு. இன்று 420ஐத் தாண்டி விட்டது!

அதற்கு முன்? அண்டார்டிகாவின் பனிக்கட்டிக்குள், பழைய காற்று சின்னச் சின்னக் குமிழிகளாகச் சிக்கி இருக்கிறது. ஆழமாகத் துளையிட்டு எடுத்துப் பார்த்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் கோவில் கட்டிய காலத்தில், காற்றில் கரியமில வாயு சுமார் 280 தான். அதற்கும் பின்னே எட்டு லட்சம் ஆண்டுகள் போய்ப் பார்த்தாலும், ஒரு தடவை கூட 300ஐத் தாண்டி அதிக தூரம் போனதில்லை.

இதற்கிடையே, 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், 2024ல் உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடி விட்டது.

யார் செய்த வேலை?

சரி, வெப்பம் கூடியது உண்மை. அதைச் செய்தது மனிதன் தான் என்று எப்படிச் சொல்வது? எரிமலையாக இருக்கலாம், சூரியனாக இருக்கலாம். போலீஸ்காரர் கைரேகை பார்ப்பது போல, விஞ்ஞானிகளும் தடயம் தேடினர்.

முதல் தடயம்: கார்பனில் 14 என்று ஒரு வகை உண்டு. உயிருள்ள மரம், செடிகளில் எல்லாம் அது கொஞ்சம் இருக்கும். செத்த பின், 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டு பழைய நிலக்கரியில் அது சுத்தமாக இருக்காது. 1950களில் ஹன்ஸ் சூஸ் என்பவர் மர வளையங்களைச் சோதித்தார். தொழிற்சாலைகள் பெருகிய காலத்துக் காற்றில், இந்தக் கார்பன் 14ன் அளவு நீர்த்துப் போயிருந்தது. பாலில் தண்ணீர் கலந்தது போல, காற்றில் பழைய கார்பன் கலந்திருக்கிறது!

இரண்டாம் தடயம்: 'எரிமலையின் கார்பனும் பழசு தானே' என்று மடக்குவீர்கள். சபாஷ்! ஆனால், தாவரங்களுக்கு எடை குறைந்த கார்பன் மேல் தான் ஆசை. எனவே, தாவரங்களில் இருந்து உண்டான நிலக்கரியிலும் அதுவே அதிகம். காற்றில் கூடி வருவதும் அந்தத் தாவரச் சாயல் கொண்ட கார்பன் தான். எரிமலைச் சாயல் அல்ல. மேலும், எரிமலைகள் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை.

மூன்றாம் தடயம்: எதையாவது எரித்தால் ஆக்சிஜன் செலவாகும் அல்லவா? காற்றில் ஆக்சிஜனும் மிக மிகச் சிறிய அளவில் குறைந்து கொண்டே வருகிறது. (பயப்படாதீர்கள், மூச்சு விட ஏராளமாக இருக்கிறது!)

நான்காம் தடயம்: வரவு, செலவுக் கணக்கு. எரிபொருளாலும் சிமென்டாலும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறோம். நாம் வெளியேற்றுவதில் ஏறக்குறைய பாதியைக் கடலும் தாவரங்களும் எடுத்துக் கொள்கின்றன. மீதி தான் காற்றில் தங்குகிறது. ஆக, காற்றில் கூடியதை விட, நாம் விட்டது அதிகம். வேறு யார் மேலும் சந்தேகப்பட இடமே இல்லை.

ஐந்தாம் தடயம்: சூரியன். நம் கொடைக்கானல் வானாய்வகம், நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. 1978ல் இருந்து, செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் அளவை அளக்கின்றன. 11 ஆண்டுக்கு ஒரு முறை லேசாகக் கூடிக் குறைகிறதே தவிர, பூமி இப்படிச் சூடாகும் அளவுக்கு அது கூடவில்லை.

இன்னொன்றும் உண்டு. சூரியன் காரணம் என்றால், வானத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். ஆனால், கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது! கம்பளி போர்த்தினால் உள்ளே கதகதப்பு, வெளியே குளிர்ச்சி. அதே தான். இப்படி நடக்கும் என்று 1967லேயே சொன்னவர்களுள் ஒருவர் சியுகுரோ மனாபே. 2021ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

உலக விஞ்ஞானிகளின் ஆய்வுகளைத் தொகுக்கும் ஐ.நா., குழுவும், 'மனிதச் செயலால் பூமி சூடாகி இருப்பதில் ஐயத்துக்கே இடமில்லை' என்று 2021ல் அறிவித்தது.

'சார், அம்மோனைட் காலத்தில் மனிதனே இல்லை. அப்போது பூமி இன்னும் சூடாக இருந்ததாமே' என்று ஒரு சுட்டி கேட்கலாம். உண்மை தான். அப்போது காற்றில் கரியமில வாயு அதிகம், பூமியும் சூடு. அதுவும் நம் கணக்கைத் தான் உறுதி செய்கிறது! ஆனால், அந்த மாற்றங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நடந்தவை. சிப்பிகள் கோடி ஆண்டு உழைத்துப் பூட்டியதை, நாம் இருநூறு ஆண்டுக்குள் திறந்து விடுகிறோம். அது தான் ஆபத்து.

அப்பா தப்பு செய்தாரா?

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி, உன் அப்பா ஏற்றிச் சென்ற கல்லில் இருந்து கரியமில வாயு வந்தது உண்மை. ஆசிரியர் என்பதற்காக, அதை 'இல்லை' என்று நான் மறைக்கக் கூடாது.

ஆனால், அந்தக் கல் தான் நம் பள்ளிக்கூடம் ஆனது, ஆஸ்பத்திரி ஆனது, பாலம் ஆனது. என் வீட்டுச் சுவரிலும் அது இருக்கிறது. உன் அப்பா உழைத்தார். பயன்படுத்தியவர்கள் நாங்கள் எல்லாரும். காரணம் என்பது வேறு. குற்றம் என்பது வேறு. உன் அப்பா தலை குனிய வேண்டியதில்லை. ஆனால், காரணம் தெரிந்த பிறகும் ஒன்றும் செய்யாமல் இருந்தால், அது நம் எல்லாருடைய தப்பு.

செய்ய வழியும் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலைச் சிமென்டில் கலக்கின்றனர். அந்த அளவுக்குச் சூளையில் வேகும் கல் குறைகிறது. சுட்ட களிமண்ணோடு, சுடாத சுண்ணாம்புக்கல் பொடியைக் கலந்து ஒரு புதுச் சிமென்ட் வந்துள்ளது. அதை உருவாக்கிய ஆராய்ச்சியில் நம் சென்னை ஐ.ஐ.டி.,க்கும் பங்கு உண்டு. அதில் கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையுமாம்.

விளக்கை அணைப்பது, மரம் நடுவது எல்லாம் நல்லது, செய்யுங்கள். ஆனால், அது மட்டும் போதாது. வேதியியல் படியுங்கள். கல்லைச் சுடாமல் வீடு கட்டும் வித்தையை, நாளைக்கு அரியலூர் பிள்ளை ஒருவரே கண்டுபிடிக்கலாமே!

அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவன் வீட்டுக் குழந்தை யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், அப்பாவுக்கு வாசித்துக் காட்டு செல்லமே. 'வாத்தியார் 'நாளைக்கு'ன்னு சொன்னாரே, அது இன்னைக்கு வந்துடுச்சு' என்று சொல்!

செய்து பாருங்கள்!

* வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைச் சிட்டிகை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். தெளியும் வரை காத்திருங்கள்.

* மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும், கண்ணாடி டம்ளரில் மெதுவாக ஊற்றுங்கள்.

* ஸ்டிரா வைத்து அதனுள் மெல்ல ஊதுங்கள். சிறிது நேரத்தில் நீர் பால் போல் ஆகும்.

அந்த வெள்ளை என்ன தெரியுமா? உங்கள் மூச்சில் உள்ள கரியமில வாயுவும், சுண்ணாம்பும் சேர்ந்த சுண்ணாம்புக்கல் துகள்! நீங்களும் ஒரு சிப்பி ஆகி விட்டீர்கள்!

(கவனம்: பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊத மட்டும் வேண்டும், உறிஞ்சக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது.)