பனி ஊரின் ஜன்னலோர எலுமிச்சை

'தொட்டியில் எலுமிச்சை வெச்சேன், ரெண்டு வருஷமா இலை மட்டும்தான் வருது' என்று குறைபடாத மாடித்தோட்டக்காரர்கள் குறைவு. நல்ல வெயில் இருந்தும் நமக்கு இந்த நிலைமை. வெயிலே சரியாகக் கிடைக்காத ஓர் ஊரில், வீட்டுக்குள்ளேயே நூற்றைம்பது வருஷமாக எலுமிச்சை காய்க்க வைக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நம்ம தொட்டிக்கும் பயன்படும்.

ரஷ்யாவில் மாஸ்கோவுக்குக் கிழக்கே, நீஷ்னி நோவ்கோரத் மாகாணத்தில், ஓகா ஆற்றங்கரையில் இருக்கிறது பாவ்லோவோ. நிலநடுக்கோட்டிலிருந்து 56 பாகை வடக்கே. டிசம்பர் கடைசியில் பகல் ஏழு மணி நேரம்தான். நம்ம ஊரில் மார்கழியில்கூட பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கும். ஜனவரியில் அங்கே சராசரி வெப்பமே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆறு உறைந்துபோகும். வெளியே ஓர் இரவு வைத்தால் எலுமிச்சை கருகிவிடும். அதனால் வருஷம் முழுக்க ஜன்னலோரத்தில், தொட்டியில்தான் அதன் வாழ்க்கை.

பூட்டுக்காரர்களின் மரம்

நமக்குத் திண்டுக்கல் மாதிரி, அவர்களுக்குப் பாவ்லோவோ. பூட்டு, கத்தி, கத்தரிக்கோல் என்று இரும்பு வேலைக்குப் பேர்போன ஊர். 1860 வாக்கில் ஒரு வணிகர் துருக்கியிலிருந்து சில எலுமிச்சைக் கன்றுகளைக் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கன்றுகளின் வாரிசுகள் கைவினைஞர் வீடுகளுக்குள் பரவின. இன்றைக்கு எலுமிச்சைக்கு அந்த ஊரில் ஒரு சிலையே இருக்கிறது.

அந்தக் கைவினைஞர்கள் வசதியானவர்கள் இல்லை. எழுத்தாளர் கொரலேன்கோ 1890இல் அந்த ஊரைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் அவர்கள் பாடு பதிவாகியிருக்கிறது. வீட்டுப் பட்டறையில் வாரம் முழுக்க உழைத்துச் செய்த பூட்டை, இடைத்தரகர் சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். விலை வைக்கிற உரிமை செய்தவர் கையில் இல்லை. இந்தக் கதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் ஓர் எலுமிச்சை மரம் நுழைந்ததற்குக் காரணம், அதற்குக் காசு தேவைப்படவில்லை என்பதுதான். பக்கத்து வீட்டில் ஒரு மரம் இருந்தால் போதும், ஒரு குச்சி கேட்டு வாங்கி நட்டுக்கொள்ளலாம்.

விதை வேண்டாம், குச்சி போதும்

இது நம்ம நாட்டு எலுமிச்சை இல்லை. தடித்த தோலும் கூம்பிய முனையும் உள்ள பெரிய லெமன். நார்த்தை வகையும் புளிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்தது. இந்தக் குடும்பத்துக்கே பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாம், வடக்கு மியான்மர், யூனான் பக்கம்.

விதை போட்டு வளர்த்தால் லெமன் காய்க்க எட்டு, பத்து வருஷம்கூட ஆகும். விதைக்கன்று முதலில் தன் இளமைப் பருவத்தைக் கடக்கணும். முள்ளும் தழையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். காய்க்கிற மரத்தின் குச்சி ஏற்கெனவே அந்தப் பருவத்தைத் தாண்டியது. வேர்விட்ட மூன்று, நான்கு வருஷத்தில் காய்த்துவிடும். மரமும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடங்கிவிடும்.

முறை எளிது. பாதி முற்றிய கிளையில் 8 முதல் 10 செ.மீ. நீளக் குச்சி, மூன்று நான்கு இலையோடு. கணுவுக்குக் கீழே சுத்தமான கத்தியால் வெட்டி, ஈரமான ஆற்று மணலில் நட்டு, மேலே ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கிறார்கள். வெயில் நேரடியாகப் படாத வெளிச்சம், 20 முதல் 25 டிகிரி வெப்பம். ஒரு மாதத்தை ஒட்டி வேர் வரும்.

எந்த மரம் அரை வெளிச்சத்திலும் வறண்ட வீட்டுக் காற்றிலும் தாக்குப்பிடித்துக் காய்த்ததோ, அதிலிருந்துதானே அடுத்த வீட்டுக்குக் குச்சி போயிருக்கும்? இப்படித்தான் பாவ்லோவோ லெமன் என்ற ரகம் உருவானது. மக்கள் தேர்ந்தெடுத்த ரகம் என்றுதான் ரஷ்யர்களே இதைச் சொல்கிறார்கள்.

குளிர்காலத்தில் கொல்வது தண்ணீர்

குளிர்நாட்டு வீடுகளில் எலுமிச்சை பெரும்பாலும் பனியால் சாவதில்லை, கவனிப்பு கூடிப்போய்ச் சாகிறது. காரணம் வேரில் இருக்கிறது. மண் 12 டிகிரிக்குக் கீழே போனால் எலுமிச்சை வேர் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். ஜன்னல் வழியாக வரும் வெயிலில் இலை சூடாகித் தண்ணீர் கேட்கும். குளிர்ந்துகிடக்கிற வேரால் கொடுக்க முடியாது. மரம் இலையைக் கொட்டிவிடும். அதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். வேர் அழுகும். கதை முடிந்தது.

அனுபவப்பட்டவர்கள் செய்வது இவ்வளவுதான். தொட்டியைச் சில்லென்ற ஜன்னல் கல்லில் நேராக வைக்காமல், ஒரு மரப்பலகை மேல் வைப்பார்கள். விரலால் தொட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. அந்த மாதங்களில் உரம் கொடுப்பதில்லை, மரத்தை ஓய்வெடுக்க விட்டுவிடுவார்கள்.

மொட்டு வந்த சமயத்தில் தொட்டியை இப்படியும் அப்படியும் திருப்புவதில்லை. வெளிச்சத்தின் திசை மாறினால் மொட்டு உதிரும். காய் பிடித்த பிறகும் எல்லாவற்றையும் விட்டுவைப்பதில்லை. ஒரு காய்க்குப் பத்துப் பதினைந்து இலையாவது இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்து, மிச்சத்தைக் கிள்ளிவிடுவார்கள். எலுமிச்சை தன் சத்தைச் சேமித்து வைப்பது இலையில்தான். இலை போனால் காயும் போச்சு.

அங்கேயும் சாணக் கரைசல்தான்

மண்கலவை: தோட்ட மண், இலைமட்கு, நன்றாக மட்கிய தொழுவுரம், ஆற்று மணல். வசந்தம் தொடங்கிக் கோடை முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாட்டுச்சாணக் கரைசல். ரஷ்யத் தோட்டக்காரர்கள் தலைமுறையாகப் பயன்படுத்துவது இது. சாணத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவார்கள். கொஞ்சம் மரச்சாம்பலும் உண்டு. எந்த மூலைக்குப் போனாலும் மாடும் மரமும் பிரியவில்லை பாருங்கள்.

அடுப்புச் சூட்டில் காற்று வறண்டால் செம்பேன் வரும், செதில்பூச்சி ஒட்டும். ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைப்பது, சோப்புத் தண்ணீரில் கழுவுவது, இவைதான் மருந்து. கண்ணெதிரே இருக்கிற மரம் என்பதால் பூச்சி பெருகுமுன்னே தெரிந்துவிடும்.

நம்ம மாடிக்கு என்ன பாடம்?

முதலாவது, தொட்டி அளவு. நாற்றங்கால் பையிலிருந்து சின்னக் கன்றைத் தூக்கி நேராகப் பெரிய டிரம்மில் வைக்கிறோம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கிப் புளித்துப்போகும். அவர்கள் மண்கட்டி உடையாமல், முந்தையதைவிட மூன்று நான்கு விரல் அகலம் கூடிய தொட்டிக்கே மாற்றுகிறார்கள். படிப்படியாகத்தான் பெரிதாக்க வேண்டும்.

இரண்டாவது, வேரின் சூடு. அங்கே வேர் குளிர்ந்து நிற்கிறது. இங்கே சித்திரை வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி காய்ந்து வேர் வெந்து நிற்கிறது. மேலே இரண்டிலும் இலை உதிரும். தொட்டிக்கு வெளியே ஈரச்சாக்கு சுற்றுங்கள். மண்மேல் சருகு மூடாக்குப் போடுங்கள். தொட்டியைச் சிமென்டுத் தளத்திலிருந்து செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

மூன்றாவது, கன்று எங்கிருந்து வருகிறது என்பது. உங்கள் ஊரில், உங்கள் தண்ணீரில், நல்லாக் காய்க்கிற மரம் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு பதியம் கேளுங்கள். எங்கிருந்தோ வருகிற கன்றைவிட அது உங்கள் தொட்டியைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம்ம சொந்தக்காரர்கள் குளிர்காலத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைக்கிறார்கள். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். இலையெல்லாம் கொட்டிவிட்டது என்று அவர்கள் போனில் சொன்னால், தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள், தொட்டிக்கடியில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வசந்தத்தில் துளிர்த்துவிடும்.

பாவ்லோவோக்காரர்கள் தங்கள் பூட்டுக்கு விலை வைக்க முடியாமல் இருந்தார்கள். ஜன்னலோர மரத்தின் குச்சியை யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்தார்கள். அதனால்தான் அந்த ரகம் இன்றும் உயிரோடிருக்கிறது. உங்கள் வீட்டில் காய்க்கிற எலுமிச்சையில் இந்த ஆடிமழைக்கு இரண்டு பதியம் போடுங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டுக்கு.