அண்டை வீட்டாராக வந்தவர்கள்

பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டிற்குக் குடிபெயர்வோர் மூட்டையில் கட்டிச் செல்வன சில துணிகளும் பாத்திரங்களுமே. மூட்டையில் அடங்காத செல்வங்களும் அவர்களிடம் உண்டு. தாய்மொழி, கைத்தொழில், வழிவழி வந்த வழக்கங்கள் ஆகியவையே அவை. வந்தவரின் வறுமையைக் கண்டு இரங்குவோர் எங்கும் இருக்கிறார்கள். அவருடைய செல்வத்தைக் கண்டு மதிப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவரான ஜேன் ஆடம்ஸ் அம்மையாரைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அம்மையார் 1860ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வசதி படைத்த குடும்பமொன்றில் பிறந்தார். லண்டன் மாநகரில் ஏழைகள் மிகுந்த கிழக்குப் பகுதியில், 1884இல் டாய்ன்பி ஹால் என்னும் இல்லம் நிறுவப்பெற்றது. பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞர்கள் அங்கேயே தங்கி, ஏழை மக்களோடு பழகித் தொண்டாற்றினர். அதை நேரில் கண்ட ஜேன் ஆடம்ஸ், தம் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889 செப்டம்பரில் சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவிலிருந்த பழைய மாளிகையொன்றில் குடிபுகுந்தார். அதுவே ‘ஹல் இல்லம்’. சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், கிரேக்கர், ரஷ்ய நாட்டு யூதர் எனப் பல இனத்தார் நெருக்கமாக வாழ்ந்தனர்.

நன்கொடை வழங்கிவிட்டு மாலையில் வீடு திரும்புவது வேறு. அதே தெருவில் வாழ்வது வேறு. தெருவில் வாழ்ந்தமையால், மக்களின் தேவை இன்னதென்று அவர்கள் கண்கூடாக அறிந்தனர். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினர். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தனர். முதல் கிறிஸ்துமஸ் விழாவில் மிட்டாய் கொடுத்தபோது, சிறுமியர் சிலர் வாங்க மறுத்தனர். அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை முதல் இரவு வரை உழைத்து, அதைக் காணவும் வெறுத்தவர்கள்! இல்லத்தில் தங்கியிருந்த பிளாரன்ஸ் கெல்லி முதலியோர் தொழிற்கூடங்களை ஆராய்ந்து போராடியதன் பயனாக, 14 வயதிற்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1893இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தது. தெருவில் குப்பை மலிந்தபோது, 1895இல் ஜேன் ஆடம்ஸ் குப்பை மேற்பார்வையாளர் பதவியையே ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளைப் பின்தொடர்ந்து சென்றார்.

ஆயினும், இவை அனைத்தினும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு பணி. குடியேறியோரின் பிள்ளைகள் பள்ளியில் விரைந்து ஆங்கிலம் கற்றனர். புதிய நடையுடைகளை மேற்கொண்டனர். பெற்றோர்களோ பழைய உடையிலும் பழைய மொழியிலுமே இருந்தனர். நாளடைவில் பிள்ளைகள் தம் தாயைக் கண்டே நாணத் தொடங்கினர். வறுமையினும் கொடிய துன்பம் இது அன்றோ?

ஒருநாள் இத்தாலிய மூதாட்டி ஒருவர் தெருவோரம் அமர்ந்து தக்களியால் நூல் நூற்பதை அம்மையார் கண்டார். அக்காட்சி ஒரு வழியைக் காட்டிற்று. 1900இல் ஹல் இல்லத்தில் ‘தொழிற் காட்சிசாலை’ தோன்றியது. பல நாட்டுப் பெண்கள் அங்கே தத்தம் முறைப்படி நூற்றும் நெய்தும் காட்டினர். நேற்றுவரை பயன் அறியப்படாதிருந்த மூதாட்டியர், அன்று ஆசிரியர் ஆயினர்!

சனிக்கிழமை மாலைகளில் அங்கே நூற்க வந்த ஓர் இத்தாலியத் தாயின் மகளும் அதே இல்லத்தில் சமையல் வகுப்பிற்கு வருவாள். தலையில் முக்காடும் முரட்டுக் காலணியும் அணிந்த தாயுடன் சேர்ந்து வர நாணி, அவள் வேறு வாயில் வழியாக நுழைவது வழக்கம். ஒருநாள் ஆசிரியர் கல்லூரியிலிருந்து வந்தோர் தன் தாயைச் சூழ்ந்து நின்று அவருடைய கைத்திறனை வியப்பதை அப்பெண் கண்டாள். பின்னர், தாய் நுழையும் வாயிலிலேயே அவளும் நுழையலானாள்.

ஜேன் ஆடம்ஸ் 1931இல் நோபல் சமாதானப் பரிசில் பங்கு பெற்றார், 1935இல் மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் 2012 வரை பணியாற்றியது. பழைய மாளிகை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

புதியவருக்கு நம் மொழியைக் கற்பித்தல் உதவியின் ஒரு பாதி. அவர் கொண்டுவந்ததை நாம் கற்றல் மறுபாதி. முதற்பாதியோடு நிற்போர் புதியவருக்கு உணவளிக்கலாம், உறையுள் அளிக்கலாம். அவருடைய பிள்ளையின் கண்ணில் அவருக்குரிய மதிப்பை அளிக்க இயலாது. உங்கள் வகுப்பில் வேற்று மொழி பேசும் மாணவர் ஒருவர் வந்து அமரும்போது, அவருக்குத் தெரியாதது எது என்று மட்டும் பாராதீர்கள். தெரிந்தது எது என்றும் கேளுங்கள்.